உயர்தரம் முடித்த பிள்ளையை எந்தப் படக் கோர்ஸில் சேர்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு

உயர்தர முடிவு வந்தால் போதும், என் இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "மகனுக்குப் படம் எடுக்கத்தான் விருப்பம், கொழும்பில் எந்தக் கோர்ஸ் நல்லம்?" சில நேரம் பிள்ளையே கேட்கும், சில நேரம் அம்மா கேட்பார். போன கிழமை கல்முனையில் இருந்து ஒரு வாப்பா போன் எடுத்துத் தன் மகளுக்காகக் கேட்டார், அன்றைக்கு முழுக்க எனக்கு அது சந்தோசமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸுக்குக் காசு கட்ட முன்னம், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உங்களுக்குக் கிட்ட வேலை செய்துகொண்டிருக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, பிள்ளையை அவர் பக்கத்தில் ஒரு படம் தொடங்கி முடியும் வரைக்கும் நிற்க விடுங்கள். கதை எழுதுவது, இடம் பார்ப்பது, எடுப்பது, இரவிரவாக எடிட் பண்ணுவது, கடைசியில் சனத்துக்கு முன்னால் போட்டுக் காட்டி, படத்தைப் பார்க்காமல் சனத்தின் முகத்தைப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நிற்கட்டும். அதற்குப் பிறகும் படிக்கப் போகவேண்டும் என்று பிள்ளை சொன்னால் தாராளமாக அனுப்புங்கள். அப்படிப் போகிற பிள்ளைக்குத் தனக்கு எது தெரியாது என்று தெரிந்திருக்கும், வகுப்பில் கையை உயர்த்தித் தேவையான கேள்வியைக் கேட்கும்.

நான் படித்தது டவுனில் ஒரு ஸ்டூடியோவில். கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, இடைக்கிடை யாராவது கேட்டால் ஒரு ஆவணப்படம். எனக்குச் சொல்லித் தந்த அண்ணன் எந்தக் கல்லூரிக்கும் போகாதவர், பெயரைப் போட்டால் விரும்பமாட்டார், அதனால் அண்ணன் என்றே சொல்கிறேன். அவர் பாடம் என்று ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில், கனடாவில் இருந்து வந்த ஒருவர் புதுக் கமராவொன்றைத் தந்து இதில் எடுங்கள் என்று சொன்னார், நல்ல கமரா, ஆனால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருந்தன. அண்ணன் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 1/60 செக்கனில் இருந்து 1/50க்கு மாற்றிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். பட்டை போய்விட்டது. பந்தியில் இருக்கும்போதுதான் காரணத்தைச் சொன்னார். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் ஒரு செக்கனில் 100 தரம் கூடிக் குறையும், 1/50 இல் வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/60 இல் கணக்கு ஒத்துவராது. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அங்கே அந்தக் கமரா சரியாகத்தான் வேலை செய்திருக்கும். இதை ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தால் பரீட்சை முடிந்த அடுத்த நாள் மறந்திருப்பேன். பட்டையைக் கண்ணால் கண்டு, அது போனதையும் கண்டு, பிறகு காரணம் கேட்டதால் இன்றைக்கும் மண்டபத்துக்குள் கால் வைத்தவுடன் கை தானாக ஷட்டருக்குப் போகிறது.

சத்தமும் அப்படித்தான். இங்கே குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கமராவுக்குச் செலவழிக்கிற காசில் பத்தில் ஒன்றைக்கூட மைக்குக்குச் செலவழிப்பதில்லை, படம் பார்க்க நன்றாக இருக்கும், கேட்க முடியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில் ஒரு வீட்டில் ஒரு அம்மாவைப் பேட்டி எடுக்கப் போயிருந்தோம். அண்ணன் கமராவை வெளியில் எடுக்கவே விடவில்லை. "கண்ண மூடிக்கொண்டு நில்லு தம்பி. என்னென்ன கேக்குது, சொல்லு" என்றார். ஃபேன். காகம். தூரத்து வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின். பிறகு, கன நேரம் நின்றபிறகுதான் கேட்டது, குசினிக்குள் இருந்த பிரிட்ஜின் இரைச்சல். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு பிரிட்ஜை நிறுத்தினார், நிறுத்திவிட்டுத் தன்னுடைய மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். திரும்பிப் போகும்போது திறப்பைத் தேடிப் பிரிட்ஜைத் திறந்தே ஆகவேண்டும், திறந்தால் அதைத் திரும்பப் போட ஞாபகம் வரும், அந்த வீட்டு மீனும் பாலும் எங்களால் பழுதாகாது. பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிந்தார், எடிட் பண்ணும்போது வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும். உலகத்தில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் பலரும் செய்கிற வேலைதான் இவை இரண்டும். எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் குசினியில் வைத்து.

அதே வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும், இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான் என்றும் சொல்லலாம். அந்த அம்மா மகனைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தார். போய்த் திரும்பி வராத மகன். ஒரு இடத்தில் கதை நின்றது, அவருடைய கை சேலைத் தலைப்பைத் தேடியது. நான் மெல்ல லென்ஸை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகத் தொடங்கினேன், படம் எடுக்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள் என்பது என் எண்ணம். அண்ணன் கையை நீட்டிக் கமராவை நிறுத்தினார். பிறகு பாயில் போய் இருந்தார், தேத்தண்ணி வந்தது, குடித்தோம், நெல் விலையைப் பற்றிக் கதைத்தோம், மகனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. வெயில் சாயத் தொடங்கியபிறகு அந்த அம்மாவே "சரி மகன், இனிக் கேளுங்க" என்றார். திரும்பி வரும் வழியில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "அவ எங்களுக்குத் தாறன் எண்டு சொன்னது கதைய. அழுகையத் தாறன் எண்டு சொல்லல்ல" என்றார்.

எங்கள் ஊருக்கு இது சின்ன விசயம் இல்லை. யுத்தத்துக்குப் பிறகும், 2004 சுனாமிக்குப் பிறகும் நாவலடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் எத்தனை கமராக்கள் வந்து போயின. வந்தவர்களில் மனச்சாட்சி உள்ளவர்களும் இருந்தார்கள். ஆனால் அழுகிற முகத்தைத் தேடி வந்தவர்களையும் எங்கள் சனம் கண்டது, கொண்டுபோன படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியவர்களைத்தான் காண்பது அரிது. இங்கே படம் எடுக்கிற பிள்ளை எந்த நேரத்தில் கமராவை நிறுத்தவேண்டும் என்பதைத்தான் முதலில் பழகவேண்டும். அது ஒழுக்கவியல் என்ற தலைப்பில் ஒரு மணித்தியால விரிவுரையில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் கையை நீட்டி நிறுத்துவதைப் பக்கத்தில் நின்று கண்டால் வரும்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: எங்கட பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர்தானே. ஓம், படித்தவர்தான், ஒளிப்பதிவு. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த ஒருவருக்கு அந்தக் காலத்தில் வேறு என்ன வழி இருந்தது? கமரா கல்லூரியிலும் பெரிய ஸ்டூடியோவிலும்தான் இருந்தது, பிலிம் சுருளுக்கு விலை, கழுவுவதற்கு விலை. கமராவைத் தொடுவதற்கே வாசல் தேவைப்பட்ட காலம் அது. அவருடைய படிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தான் கற்றதை எப்படிக் கொடுத்தார் என்பதையும் பாருங்கள். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லோரும் அவர் பக்கத்தில் உதவியாளராக நின்று வந்தவர்கள். வெற்றிமாறன் சென்னை லயோலாவில் ஆங்கில இலக்கிய முதுகலையை இடையில் விட்டுவிட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தவர். பின்னாளில் பாலு மகேந்திரா சென்னையில் தொடங்கிய கல்விக்கூடத்துக்கும் சினிமா பட்டறை என்றுதான் பெயர் வைத்தார்.

எங்கள் நாட்டிலேயே பாருங்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பத்திரிகையாளராக இருந்தவர், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், எடிட்டர் டைட்டஸ் தொட்டவத்த, மூன்று பேரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படங்களுக்கு வேலை செய்து தொழிலைப் பழகியவர்கள். அந்த வேலையை விட்டு வெளியில் வந்து, ஸ்டூடியோ செட்டை நம்பாமல் ஊருக்குள் போய் எடுத்ததுதான் 1956இல் லெஸ்டர் இயக்கி வந்த ரேகாவ என்ற சிங்களப் படம். இலங்கை சினிமா தன் சொந்தக் காலில் நின்றது இங்கேதான் என்று பலரும் சொல்கிற படம்.

சரி, இவ்வளவு தூரம் போவானேன். கன்னன்குடாவிலோ முனைக்காட்டிலோ கூத்துப் பழகுவதைப் பாருங்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் ஆடவேண்டிய பகுதியைக் கொடுப்பார், வேலை முடிந்து வந்தவர்கள் இரவில் களரியில் கூடி ஆடிப் பழகுவார்கள், சின்னப் பிள்ளை ஓரத்தில் குந்தியிருந்து பார்த்துப் பார்த்தே தாளத்தைப் பிடித்துவிடும், மாதக் கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, பிறகு ஊர் முழுக்க விடிய விடிய இருந்து பார்க்க அரங்கேற்றம். பிழையாக ஆடினால் அண்ணாவியார் அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்ப ஆடவைப்பார். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையும் இத்தனை தலைமுறை தாண்டி எங்கள் கையில் இருப்பது இந்த வழியால்தான். கலையைக் கற்பிக்கத் தெரியாத ஊர் இல்லை எங்களுடையது. கமராவுக்கு மட்டும் ஏன் கொழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இப்போது எல்லாப் பிள்ளையின் கையிலும் போன் இருக்கிறது, அதில் எடுக்கிற படம் பெரிய திரையில் போட்டாலும் நிற்கும். இன்டர்நெட்டில் எல்லாப் பாடமும் இருக்கிறது. ஆனால் யூடியூப் எல்லாவற்றையும் சொல்லும், உன் படத்தைப் பார்க்காது. பார்த்து, நிறுத்தி, "இந்த ஷொட் ஏன் இருக்கு?" என்று கேட்கிற ஒரு ஆள்தான் இல்லை. என்னிடம் எடிட்டைக் கொண்டுவருகிற பிள்ளைகள் பாதிப் பேருடைய படம் கல்லடிப் பாலத்துக்கு மேலே ட்ரோன் பறப்பதில்தான் தொடங்குகிறது. அழகான ஷொட்தான், எனக்கும் பிடிக்கும். இதை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும் என்று கேட்பேன். பிள்ளை யோசிக்கும். பிறகு தானே வெட்டும். சிலது வெட்டாமல் ஒரு காரணம் சொல்லும், காரணம் சரியாக இருந்தால் ஷொட் இருக்கட்டும்.

இதில் இருக்கிற கேட்டையும் சொல்லாமல் விடமுடியாது. பக்கத்தில் நின்று பழகுவது என்ற பெயரில் பிள்ளைகளிடம் சும்மா வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வருசக் கணக்காக ட்ரைபொட் தூக்கி, லைட் பிடித்து, வயர் சுற்றி, ஒரு நாளும் எடிட் மேசைக்குக் கிட்ட விடப்படாத பொடியன்களை எனக்குத் தெரியும். காலையில் போய் நடுச்சாமத்தில் வருவான், பஸ் காசும் அவனுடைய கைக்காசு. அது கற்பிப்பது இல்லை, சுரண்டல். ஆகவே பெற்றோரே, யாரிடம் விட்டாலும் மூன்று விசயத்தைக் கேளுங்கள்: என் பிள்ளைக்குச் சாப்பாடும் போக்குவரத்தும் யார் பொறுப்பு, காசு வருகிற வேலையில் அதற்கு ஒரு பங்கு உண்டா, அது தன் சொந்தக் கதையை எப்போது எடுக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் விடவேண்டாம்.

பெண் பிள்ளைகள் விசயம் இன்னும் கஷ்டம். இரவு வேலை, தூரப் பயணம், முழுக்க ஆம்பிளைகள் நிற்கிற செட், எந்தத் தாயும் யோசிப்பார், யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் வழி இருக்கிறது. பகல் வேலைக்குக் கூப்பிடலாம், அம்மாவோ ராத்தாவோ கூட வரலாம், மஃரிப் தொழுகைக்கு முன்னம் வீட்டில் கொண்டுபோய் விடலாம், எடிட்டிங்கை வீட்டில் இருந்தே பழகலாம். எங்கள் ஊர்களில் ஆம்பிளை கமராவோடு நுழைய முடியாத அறைகள் எத்தனை இருக்கின்றன. சாமத்திய வீட்டின் உள்வீடு, காத்தான்குடிக் கல்யாணத்தில் பெண்கள் பக்கம், பிள்ளைப்பேறு பார்த்த வயதான அம்மாமாரின் கதை. இவற்றை எடுக்க ஒரு பெண்தான் போகவேண்டும், ஏற்கனவே வேலை செய்கிற பெண்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் நிற்க இன்னும் பிள்ளைகள் வேண்டும்.

படிப்பே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுக்கவேண்டாம். உலக சினிமாவின் வரலாறு, நாடகம், ஓவியம், இலக்கியம், இதெல்லாம் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் இருந்து கிடைக்காது. கல்லடியில் விபுலாநந்தா நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், நடிகரோடு எப்படிக் கதைப்பது என்பது எங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோபம் வருவது வேறு இடத்தில். கடன் எடுத்துக் காசு கட்டி, கொழும்பில் அறை எடுத்துத் தங்கி, மாதக் கணக்காகத் திரையில் ஸ்லைட் பார்த்து, கமரா கைக்கு வர வரிசையில் நின்று, பாதி விளங்காத மொழியில் கேட்டுவிட்டு, ஒரு படமும் முடிக்காமல் சேர்டிபிகேட்டோடு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது வருகிற கோபம் அது. அந்தக் காசில் அது இங்கேயே ஒரு படம் முடித்திருக்கும்.

கடைசியாகத் தொழிலில் இருக்கிற நண்பர்களுக்கு. நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று வந்தவர்கள்தான். வாழைச்சேனையில், களுவாஞ்சிக்குடியில், அக்கரைப்பற்றில், திருக்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்கள் அடுத்த வேலைக்குப் போகும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். போட்டிக்கு ஆள் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறீர்கள், எனக்கு விளங்குகிறது, சீசன் இல்லாத மாதங்களில் அடுப்பு எரிவதே கஷ்டம். ஆனாலும் கேட்கிறேன்.

நான் மாரி மழை விட்டதும் வாவியில் வீச்சு வலை போடுகிறவர்களைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் தொடங்குகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, ஒன்று பெண் பிள்ளையாக இருந்தால் நல்லம், கூட வருகிறவருக்கும் தோணியில் இடம் உண்டு. விடிய முன்னம் வரவேண்டும், சாப்பாடும் பஸ் காசும் என் பொறுப்பு, எடிட் மேசையில் கடைசி வரை இருக்கலாம், அது முடிந்ததும் உங்கள் கதையை நீங்கள் எடுக்க நான் லைட் பிடிக்கிறேன். இன்பொக்ஸில் உங்கள் ஊரையும், நீங்கள் எடுக்க ஆசைப்படுகிற ஒரு கதையையும் நாலு வரியில் எழுதி அனுப்புங்கள், வீட்டில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். போன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னிடம் பழைய கமரா ஒன்று சும்மா கிடக்கிறது.