ரப்பர் பால் ஊற்றிய டயரும் உங்கள் சிரிப்பும்

கீரிப்பாறை போட்டோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் சைக்கிள் குழுவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ட்யூப் இல்லாமல் ரப்பர் பால் ஊற்றி ஓட்டும் என் சைக்கிளின் முன் சக்கரம், டயரிலிருந்து பீய்ச்சும் வெள்ளைப் பால், மேலே "ரப்பர் பால் விஞ்ஞானியின் சாதனை" என்ற தலைப்பு, கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மைகள். நேற்று முன்பின் தெரியாத ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்து, "அண்ணே, அந்தப் பால் வண்டி நீங்கதானா?" என்று கேட்கிறான். சரி, எழுதிவிடுகிறேன்.

அந்தப் போட்டோவில் இருப்பது டயர் கெட்டுப்போன காட்சி அல்ல. டயர் வேலை செய்கிற காட்சி. ஆணி ஏறியது, பால் வெளியே வந்தது, ஓட்டையிலேயே உறைந்து அடைத்தது. இதற்காகத்தானே ஐயா அதை உள்ளே ஊற்றுவதே! சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி கொஞ்ச நேரம் நிறுத்தினேன். குறைந்த காற்றைப் பம்பில் அடித்தேன். அதே டயரில் காளிகேசம் வரை போய், வீட்டுக்கும் வந்து சேர்ந்தேன். அதற்குப் போட்டோ இல்லை. அன்றைக்கே கடையில் வாங்கிய புது ட்யூப் போட்டிருந்தவர்கள் கல்லில் இடித்து, ரோட்டோரம் உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதற்கும் போட்டோ இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 26 இன்ச் ரிம்மில் 20 இன்ச் ட்யூபை இழுத்து மாட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி வால்வு உள்ள ட்யூப். அதன் வெளிப்பக்க நடுவில் நீளவாக்கில் கத்தரித்து, இரண்டு பக்கமும் விரித்து ரிம்மின் மேல் படிய விட்டால், ரிம்முக்கு ஒரு ரப்பர் சட்டை ஆயிற்று. அதன் மேல் டயர். ரிம்மில் உட்காரும் டயர் விளிம்புதான் பீடிங், அதன் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஒரே வீச்சாகக் காற்று. கைப்பம்பில் மல்லுக்கட்டினால் தோள்தான் வலிக்கும். டப் டப் என்று பீடிங் ஏறி உட்காரும். அப்புறம் காற்றை இறக்கி, வால்வு வழியாகப் பாலை ஊற்றி, மறுபடி காற்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரை பிளேடால் அறுத்துவிட்டால் வேலை முடிந்தது.

"மரத்துப் பாலை அப்படியே ஊற்றியிருக்கிறான்" என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். மக்கா, குலசேகரம் பக்கம் வளர்ந்தவன் அப்படிச் செய்வானா? அமோனியா சேர்க்காத பால் சில மணி நேரத்தில் சிரட்டையிலேயே கட்டிப்போகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் ஊற்றுவது ஆலையில் மெஷினில் சுற்றிக் கெட்டியாக்கிய, 60 சதவீதம் ரப்பர் உள்ள அமோனியா பால். அதில் தண்ணீர், சீக்கிரம் காயாமல் இருக்க, வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கொஞ்சம், ஓட்டையில் போய்ச் சிக்கிக்கொள்ள ஜிகினாத் தூள். ஆமாம், அலங்காரத்துக்கு வாங்கும் அதே ஜிகினாதான். சிரிக்க ஆசை இருந்தால் இதற்குச் சிரியுங்கள், நியாயமாவது இருக்கும்.

எதற்கு இந்த வேலை என்றால், நம் குமரி மாவட்டம் அப்படி. கிழக்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மண் பாதையில் இறங்கினால் உடைமுள். மேற்கே பேச்சிப்பாறை பக்கம் வேரும் வழுக்குப் பாறையும். ட்யூப் இருந்தால் காற்றைக் குறைக்க முடியாது. குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். ட்யூபே இல்லையென்றால் நசுங்க என்ன இருக்கிறது? 25, 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் டயர் பாறையைப் பிடித்துக்கொண்டு போகும்.

"உயிருக்கு ஆபத்து" என்கிறார்கள். 90, 100 பி.எஸ்.ஐ. அடிக்கிற ரோடு பைக்கில் இப்படிச் செய்தால் ஆபத்துதான். நான் எங்கே ரோடு பைக்கில் செய்யச் சொன்னேன்? தொளதொள என்று ரிம்மில் ஆடும் டயரிலும் செய்யாதீர்கள் என்று போன வருஷமே எழுதியிருக்கிறேன், அதை யாரும் படிக்கவில்லை. வளைவில் திரும்பும்போது டயர் ஓரமாக உள்காற்று பிய்த்துக்கொண்டு போகுமாம். காற்றை ரொம்பக் குறைத்தால் கம்பெனி ட்யூப்லெஸ் செட்டிலும்தான் போகும். அமோனியா பித்தளையைத் தின்னுமாம், அலுமினியத்தை அரிக்குமாம். அதற்குத்தானே ரிம்முக்கு ரப்பர் சட்டை. வால்வு பித்தளைதானே என்பீர்கள். அது ட்யூபோடு வருவது, ட்யூப் மாற்றினால் அதுவும் மாறும். இரண்டு மூன்று மாதத்தில் பால் காய்ந்துவிடும் என்கிறார்கள். நம் வெயிலில் கடைச் சரக்கும்தான் காயும். திரும்ப ஊற்ற வேண்டியதுதான். வாரன்டி போய்விடும் என்று ஒருவர். என் வண்டி மூன்றாவது கை. வாரன்டி எந்த ஊரில் செத்தது என்றே எனக்குத் தெரியாது.

"செய்வதை முறையாகச் செய்யணும் தம்பி" என்று அறிவுரை சொல்லி, கூடவே கம்பெனி செட் வாங்க ஒரு லிங்க்கும் போட்டாரே ஓர் அண்ணன். அண்ணே, மாவிக் கம்பெனி யு.எஸ்.டி. என்று ட்யூப்லெஸ் சக்கரத்தைக் கொண்டுவந்தது 1999-இல். அதற்கென்று தனி ரிம், தனி டயர். அதை வாங்க முடியாத வெளிநாட்டுக்காரர்கள்தான் சின்ன ட்யூபைக் கிழித்து இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் முன்னே போனால், 1888-இல் காற்றடித்த டயருக்கு காப்புரிமை வாங்கிய டன்லப் பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு வைத்தியர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்கு ரப்பர் ஷீட்டை ஒட்டித்தான் முதலில் செய்து பார்த்தார். எந்த லிங்க்கில் வாங்கினாராம்? வெள்ளைக்காரன் கொட்டகையில் செய்தால் புதுமை, நான் திண்ணையில் செய்தால் கஞ்சத்தனம்.

காசு இல்லாமல் செய்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன கேவலம்? இந்தக் குழு ஆரம்பித்தபோது யாருக்கு எந்தக் கியர் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது மாத்தூர் தொட்டிப் பாலத்தில் போட்டோ எடுக்க நின்றால்கூட விலை அதிகமுள்ள வண்டி முன்னால், என் மாதிரி வண்டி ஓரத்தில். கண்ணில் படாமல் இல்லை.

என் அப்பா திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுபாலைப் பிய்க்க நானும் போவேன். அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது, சோப்புக்கும் போகாது. டயரில் ஊற்ற நீங்கள் ஆன்லைனில் வாங்குகிற பால் பாட்டில்களில் பலவற்றின் மூடியைத் திறந்தால் எனக்கு வருவது ஆலை கேனின் அதே அமோனியா வாடை. உங்களுக்கு அது தெரியாதது உங்கள் தப்பில்லை. தெரியாமல் சிரித்தால் பரவாயில்லை.

ஆனால் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பால் வெட்டுக்காரன் புத்தி போகுமா". அதற்கும் இருபது முப்பது பேர் சிரித்திருக்கிறீர்கள். என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள் பெயரும் அதில் இருக்கிறது. போட்டோ அங்கேயே கிடக்கட்டும், நல்ல விளம்பரம். அந்த ஒரு வரியை அட்மின் இன்றைக்கே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்காக யாரும் வடசேரியில் காத்து நிற்க வேண்டாம்.