சம்பளம் எவ்வளவு என்று கேட்டது குற்றமா?

ஆமாம், மாற்றுத்திறனாளிப் பையன் ஒருவனைக் கடையில் நிறுத்தி சேலம் பேக்கரி ஒன்று போட்ட வீடியோவுக்குக் கீழே "அந்தப் பையனுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டது நான்தான். வந்த வசவுகளை எல்லாம் படித்துவிட்டேன். 'நல்லது செய்தாலும் குறை சொல்லும் கூட்டம்', 'வயிற்றெரிச்சல்'. சரி, இருக்கட்டும். இன்னொரு தடவையும் கேட்கிறேன். சம்பளம் எவ்வளவு?

தொப்பி மாட்டினீர்கள், கேக்கை நீட்டச் சொன்னீர்கள், பின்னால் சோக இசை போட்டீர்கள். சேலமே அழுதது. மறுநாள் அவன் வேலைக்குப் போனானா? "அது ஒருநாள் நிகழ்ச்சிதான் மேடம்" என்று கடைக்காரரே எனக்குப் பதில் போட்டிருக்கிறார். அதற்கும் 200 லைக்.

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. இங்கேயே ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தான். பினாயில் கலக்கினான், மெழுகுவர்த்தி ஊற்றினான், காகித உறை ஒட்டினான். தொழிற்பயிற்சியாம். சேலத்தில் யாருங்க மெழுகுவர்த்தி ஊற்ற ஆள் தேடுகிறார்கள்? இங்கே கொலுசு இருக்கிறது, ஜவ்வரிசி இருக்கிறது, தறி இருக்கிறது, மேலே ஏற்காட்டில் காப்பித் தோட்டம் இருக்கிறது. இதில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இலவசக் கல்வி 18 வயது வரைக்கும்தான். 18 முடிந்ததும் ஒரு சான்றிதழும் சால்வையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் டிவி, சாப்பாடு, தூக்கம்.

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு 16 வயதாகும்போதே, பள்ளி முடிந்து என்ன செய்யப் போகிறான் என்பதை அவனுடைய கல்வித் திட்டத்தில் எழுதியாக வேண்டும். சட்டமே அப்படி. உடனே "அது பணக்கார நாடு" என்று கிளம்பாதீர்கள். உட்கார்ந்து யோசித்து எழுதி வைக்க எத்தனை கோடி ஆகும்?

சிவதாபுரத்தில் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். சலங்கைகளை அளவு வாரியாகப் பிரிப்பது, முடிந்த கொலுசை ஜோடி சேர்த்து கவரில் போடுவது. இதற்குத் தம்பியை அனுப்பட்டுமா என்றபோது மாமா யோசித்தார். வெள்ளி விற்கிற விலைக்கு யோசிக்கத்தான் செய்வார். ஆரம்பத்தில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு டப்பா மேலும் அந்த அளவுச் சலங்கை ஒன்றை ஒட்டி வைத்தோம். என் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வாசலுக்குப் போய்விட்டேன். இப்போது மாமா சொல்வது: "இவன் போட்ட கவரை நான் திருப்பி எண்றதில்ல கண்ணு."

வேலையைவிட பஸ்தான் பெரிய பாடு. பள்ளி வேன் வீட்டு வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்கியது. இலவச பஸ் பாஸ் கையில் இருந்தது, பஸ் ஏறத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாபேட்டையில் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் மாற வேண்டும். ஒருநாள் வண்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை என்று சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருக்கிறான். பள்ளியில் இதைப் பழக்க எத்தனை வருடம் இருந்தது! வகுப்பு மேசையில் கற்றது இந்தப் பிள்ளைகளுக்கு வேலை இடத்தில் தானாக வந்துவிடாது. எங்கே செய்யப்போகிறார்களோ அங்கேயே பழக வேண்டும். அதுவும் பள்ளி முடிவதற்கு முன்னால். இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"வேகம் வராதே, எப்படிச் சம்பளம் கொடுப்பது?" செய்த வேலைக்குக் கணக்குப் பாருங்கள். மற்றவர்களுக்கு என்ன ரேட்டோ அதே ரேட். "தீவிரக் குறைபாடு உள்ளவர்கள்?" நியாயமான கேள்வி, ஆனால் கேட்டவருக்கு அவர்கள்மேல் அக்கறை இருந்து கேட்டதாகத் தெரியவில்லை. "அரசாங்கம்தான் கொடுக்கிறதே!" கொடுக்கிறது, மாதம் 2000 ரூபாய். அதில் ஒரு மாதம் ஓட்டிக் காட்டுங்கள். அரசு வேலையில் ஒதுக்கீடு 4 சதவீதம். அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து 1 சதவீதம். அதற்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள்.

"நல்ல மனசுலதானே செஞ்சாங்க." இந்த நல்ல மனசைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். 'தெய்வக் குழந்தை' என்று ஒருவர் எழுதியிருந்தார். மீசை முளைத்தவன் எப்படிங்க குழந்தை? தெய்வம் என்றால் சம்பளம் கேட்காது, வசதிதான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் "நீ அடுத்த பந்தியில உட்காரு சாமி" என்று தம்பியை இலையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். எங்கள் சொந்தக்காரர்தான். அவன் என்னிடம் வந்து, "நான் வேலைக்குப் போறேன்னு அவர்கிட்ட சொல்லுக்கா" என்றான். சண்டையாகிவிடும் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சொந்தக்காரரும் இங்கே நட்புப் பட்டியலில் இருக்கிறார். படிக்கட்டும். வேலைக்குப் போகிறான், சொந்தக்காரரே. வீட்டு சிலிண்டருக்கு இந்த மாதம் பணம் கொடுத்தது அவன்தான்.

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள், பள்ளியில் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள் இடம் கொடுக்க முடியுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். முதல் மாதம் பக்கத்தில் உட்கார நான் வருகிறேன். ஞாயிறு மட்டும் முடியாது.