பைப்புக்கு மேலே ஒரு டிவி

டப்ளினில் ஒரு பழைய பப்பில் உட்கார்ந்து ஐரிஷ் நாட்டுப்புற இசை கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மெரியன் ரோவில் உள்ள ஓ'டோனஹூஸ் பப்பில்தான் 1962இல் 'தி டப்ளினர்ஸ்' குழு உருவானது. அந்த ஊர் பப்களுக்கும் பாட்டுக்கும் அப்படி ஓர் உறவு.

நான் போனது வேறொரு பழைய பப். மூலை மேசையைச் சுற்றி ஐந்து பேர். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. அங்கே 'செஷன்' என்கிற இசைக்கூடல் அப்படித்தான். ஒருவர் இல்லன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழல் வாத்தியம் வைத்திருந்தார். அதை வாயால் ஊதுவதில்லை. முழங்கையால் துருத்தியை அமுக்கி அமுக்கிக் காற்றை நிரப்ப வேண்டும். 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய கலை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவான மெட்டு ஒன்றை ஆரம்பித்தார்.

அவர் தலைக்கு நேர் மேலே பெரிய டிவி. ஃபுட்பால் மேட்ச், முழுச் சத்தத்தில்! ஒரு கோல் விழுந்தது, பப்பே எழுந்து கத்தியது. பைப் போன இடம் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சத்தத்தையாவது குறைக்கச் சொல்லிக் கேட்டேன். மேட்ச் பார்க்க வந்தவர்களும் வாடிக்கையாளர்கள்தானே என்றார்கள். சரி, நியாயம்தான். ஆனால் மேட்சுக்குப் படம் போதாதா? பாட்டுக்குக் காதைத் தவிர வேறு வழி ஏது? அப்புறம் எதற்கு வாசலில் 'இன்று நேரடி இசை' என்று பலகை வைத்து அழைக்க வேண்டும்?

அவர் விரல்கள் துளைகளின் மேல் ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.