விளக்கம் தர வேண்டியவர் மேஸ்திரி அல்லர்

இன்று காலை சென்னையில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டுப்படுத்தப்பட்ட ஆவணம் (நடப்புத் திருத்தத்தை மட்டுமே பார்த்து வேலை செய்ய வேண்டிய ஆவணம்) ஒன்றைக் கைப்பேசிப் படமாகப் பார்த்து வேலை செய்ததற்காக தோல் பதனிடும் டிரம்களைக் கவனிக்கும் எங்கள் மேஸ்திரி மூன்று நாள்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். அதைப் படித்ததிலிருந்து என் கை நடுங்குகிறது. எல்லாரும் செய்முறையைப் பார்ப்பதற்கென்று டேப்லெட்டுகளைக் கொடுத்துவிட்டு, அவற்றின் சாவியை மட்டும் வேறோர் ஊரில் வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த நடுக்கம் புரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள எங்கள் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், இரவு ஷிப்ட் முடியப் போகும் நேரம், மணி 5.40. மூன்றாம் டிரம்மில் 600 ஆட்டுத் தோல்கள். பிக்கிள் (உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது) முடிந்து, தோலைப் பதனிடும் குரோம் உப்பை ஏற்றி, ஒரு தோலை வெட்டி நீலம் நடுவரை இறங்கியிருப்பதையும் பார்த்தாகிவிட்டது. இனிக் காரம் ஏற்ற வேண்டும். சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தவணை தவணையாக விட்டு, 3-ஐ ஒட்டி இருக்கும் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும்) அளவை மெல்ல மெல்ல 3.8 வரை கொண்டுவர வேண்டும். அவசரமாக ஊற்றினால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்து, தோலின் முகம் சொரசொரத்து, தரம் கெட்டுப்போகும். எவ்வளவு எடை, எத்தனை தவணை, இடையில் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் டேப்லெட்டில் பார்க்கும் செய்முறை அட்டையில் இருக்கின்றன. முந்தைய வாரம்தான் அந்த அளவைக் குறைத்துப் புதிய திருத்தம் வெளியிட்டிருந்தோம். அதில் கையெழுத்திட்டவன் நான்.

மேஸ்திரி தூணில் மாட்டியிருந்த டேப்லெட்டைத் தொட்டார். மென்பொருள் புதுப்பிக்கப்படுவதாகவும் 12 சதவீதம் முடிந்திருப்பதாகவும் திரை சொன்னது. சுண்ணாம்புப் பகுதியில் இருந்த அடுத்த டேப்லெட்டுக்கு ஓடினார். அதிலும் அதே வாசகம். ஏழு டேப்லெட்டுகளுக்கும் சென்னையிலிருந்து ஒரே அமைப்பை இறக்கியிருப்பதால் ஏழும் ஒரே நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. ஆய்வகத்தில் இருந்த என்னிடம் வந்து, "சார், டிரம் ஓடினு இருக்குது, அளவு சொல்லுங்க" என்றார். அந்த வாரம் மட்டும் பதினொரு அட்டைகளைத் திருத்தியிருந்தோம். நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி 600 தோல்களைப் பணயம் வைக்க எனக்கு உரிமையில்லை.

5.58-க்குப் புதுப்பிப்பு முடிந்தது. உடனே கடவுச்சொல் கேட்டது. ஞாயிறு நள்ளிரவில் பழைய கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதாம். புதியது மின்னஞ்சலில் வந்திருக்கும். அந்த மின்னஞ்சல் அலுவலக அறைக் கணினியில் மட்டுமே திறக்கும். அறைச் சாவி வாயிற்காவலரிடம் இருக்கும். ஓடிப் போய், திறந்து, தாளில் எழுதிக்கொண்டு திரும்பியபோது மணி 6.09. பெரிய எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்த எட்டு எழுத்துகள் அவை. ரப்பர்க் கையுறையின் தொடுகையை அந்தத் திரை உணராது. கையுறையைக் கழற்றினால் ஈரவிரலை ஓரிடத்தில் வைக்க, எழுத்து வேறோரிடத்தில் விழுகிறது. திரையில் தெறித்த நீர்த்துளியையே ஒரு விரல் என்று எண்ணிக்கொள்கிறது. ஐந்து முறை தவறியதும் கால் மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது.

சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த தம்பி டேப்லெட்டின் வரிசை எண்ணைக் கேட்டார். அந்த எண் டேப்லெட்டின் முதுகில் இருக்கிறது, டேப்லெட் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது, கூட்டின் சாவி அதைப் பொருத்திய ஒப்பந்ததாரரிடம் சென்னையிலேயே இருக்கிறது என்று நான் சொல்லி முடித்த பிறகும், வரிசை எண் இல்லாமல் புகாரைப் பதிய முடியாது என்றார். ஒரு வழியாக 6.34-க்குத் திறந்தது. அட்டையின் பெயரால் தேட வழியில்லை. 340 ஆவணங்களும் எண் வரிசையில் மட்டுமே நிற்கின்றன. தேடிப் பிடித்து, முதல் தவணைக்கான பைகார்பனேட்டை எடை போடத் திரும்பினால், 60 வினாடி எவரும் தொடவில்லை என்று மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. அறுபது வினாடிக்குள் எடை போட்டுக் கரைத்துவிடக்கூடிய தொழில் இது என்று எவர் சொன்னார்?

இதற்கிடையில் மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? உதவியாளர் ஒருவரின் கைப்பேசியில் அந்த அட்டையின் படம் இருந்தது. வாங்கிப் பார்த்தவர், மூலையில் இருந்த திருத்த எண்ணைக் கவனித்து, இது பழையது என்று கண்டுகொண்டார்; முதல் தவணையில் பாதியை மட்டும் விட்டுவிட்டு, பிஎச் பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தார். முப்பது ஆண்டுக் கைப்பழக்கம் அந்தத் தோல்களைக் காப்பாற்றியது. அதை ஷிப்ட் பதிவேட்டில் நடந்தது நடந்தபடி எழுதியவன் நான். நான் உண்மையை எழுதியதற்கு அவருக்குத் தண்டனையா?

டேப்லெட்டைப் பூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய திருத்தத்தை எவரோ பதிவிறக்கி வைத்து அதையே வாரக்கணக்கில் பார்த்ததும், இரவில் அதில் சினிமாப் படம் ஓடியதும் எங்களிடமும் நடந்தவைதான். கியாஸ்க் முறையில் ஒரே செயலியை மட்டும் திறந்துவிட்டு, முகப்புப் பொத்தானை மறைத்து, புதிய திருத்தம் வந்ததும் பழையதைத் தானாக நீக்குவது நல்ல ஏற்பாடு. ஆனால் எதையும் மாற்ற முடியாத, எதையும் வெளியே அனுப்ப முடியாத, ஆவணத்தைக் காட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு கருவிக்கு வாராவாரம் மாறும் கடவுச்சொல் யாரிடமிருந்து எதைக் காக்கிறது? யாருக்காக அந்த அட்டை எழுதப்பட்டதோ அவரைத்தான் வெளியே நிறுத்துகிறது. வெளியே நிற்பவர் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? எந்தப் பழைய பிரதியை ஒழிக்க இத்தனை பூட்டுகளைப் போட்டார்களோ, அந்தப் பழைய பிரதியை இந்தப் பூட்டுகளே பிறப்பிக்கின்றன.

புதுப்பிப்பு நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிறுவனம் நிர்வகிக்கும் ஆண்ட்ராய்டு கருவிகளில் எந்த நேர இடைவெளிக்குள் புதுப்பிக்கலாம் என்று குறிக்க முடியும். 30 நாள் வரை தள்ளிப்போட முடியும். ஆண்ட்ராய்டு 9 முதல் 90 நாள் வரை புதுப்பிப்பையே நிறுத்தி வைக்கவும் முடியும். இத்தனை வசதி இருந்தும் எங்களுக்கு அவர்கள் குறித்த நேரம் காலை 5 முதல் 7 வரை. காரணம் கேட்டபோது, அந்த நேரத்தில் எவரும் பயன்படுத்துவதில்லை என்றார்கள். இங்கே ஷிப்ட் மாறுவது காலை 6 மணிக்கு. வாலாஜாவிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் பாலாற்றைக் கடந்து ஆற்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து, ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் ஏற்கும் அந்த அரை மணியில்தான் அட்டையை அதிகம் பார்க்கிறார்கள்.

அதே டேப்லெட்டில்தான் ரசாயனப் பாதுகாப்புத் தாள்களும் இருக்கின்றன. அவற்றின் 16 பிரிவுகளில் நான்காவது முதலுதவி, ஆறாவது சிந்தினால் செய்ய வேண்டியவை. தோலில் மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்; அது ஆளைக் கொல்லும் வாயு. 2015 ஜனவரி இறுதியில் இதே சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்ட ஊரில், ஆபத்து நேரத்துக்கான தாளைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைக்க எப்படி மனம் வருகிறது? செவ்வாய்க்கிழமை டிரம்முக்குப் பதிலாக ஓர் ஆள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

விளக்கத்தை நானே எழுதி, நானே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன், 5.40 முதல் 6.34 வரை ஒவ்வொரு நிமிடமும் அதில் இருக்கிறது. பாதுகாப்புத் தாள்களுக்குக் கடவுச்சொல் கூடாது, பாதி டேப்லெட்டுகளை ஓர் இரவும் மீதியை மறு இரவும் 3 மணிக்குப் புதுப்பியுங்கள், மேஸ்திரி மேல் எழுதியதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். புகார் பெறப்பட்டது என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது. இன்று மாலை பார்த்தபோதும் புதுப்பிப்பு நேரம் 5 முதல் 7 என்றே இருந்தது. மூன்றாம் டிரம்முக்கு இன்றிரவும் தோல் ஏற்றுகிறார்கள். அட்டையை அச்சிட்டு, லேமினேட் செய்து, திருத்த எண்ணும் தேதியும் என் கையெழுத்தும் போட்டு அந்தத் தூணிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.