அம்மா பாத்துக்குவா, நீ முதல்ல வீட்டுல படு

காய்ச்சல் 38.5. ரெண்டு பனடோல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துல உடம்பு ஆறிடுது. மாரியம்மன் கோயில் வாசல்ல நெத்திக்கு நேரா சூடு பாக்குற கருவியைக் காட்டினா 36.8. "பாத்தீங்களா, ஒன்னுமில்ல, அம்மா பாத்துக்குவா"ன்னு ஆடிக் கூழ் வரிசையில போய் நிக்கிறது. முன்னால நிக்கிற பாட்டிக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), ரத்தக் கொதிப்பு ரெண்டும் இருக்கு. பனடோல் சூட்டைத்தான் இறக்கும். இருமல்ல வர்ற கிருமிக்கு அதனால ஒன்னும் ஆகாது. கோவிட்டுக்காக 2020 மார்ச் 18-ல மலேசியாவையே பூட்டிப் பாத்தோம், 2021-ல பத்துமலையில காவடி இல்லாத தைப்பூசத்தையும் பாத்தோம். இன்னுமா இது தெரியாது?

இன்னொரு கூட்டம், கோவிட் சோதனைக் கருவியில டி (T) பக்கம் கோடு மங்கலா விழுந்தா "லேசாத்தான் இருக்கு"ன்னு சொல்லுது. குறிச்ச நேரத்துக்குள்ள விழுந்தா, மங்கலோ அழுத்தமோ, தொற்று இருக்குன்னுதான் அர்த்தம்.

இதுல சாமியை வேற இழுக்கிறாங்க. அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை செருகினா அந்த லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) ஒருத்தன் உள்ள நுழைய மாட்டான். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வீட்டை விட்டு யாரும் வெளிய போகவும் மாட்டாங்க. அதுதான் மாரியம்மன் பக்தி. சாவுத் தீட்டுன்னா 16 நாள் கோயில் படி மிதிக்கிறதில்ல, யாரும் வந்து சட்டம் பேச வேண்டியதில்ல. காய்ச்சலுக்கு அஞ்சு நாள் படுத்துக் கிடக்க மட்டும் வலிக்குதா?

கமிட்டிக்காரங்களுக்கும் இருக்கு. மழைச் சாரல் அடிக்குதுன்னு அன்னதானக் கொட்டகையை நாலு பக்கமும் பிளாஸ்டிக் போட்டு மூடி, உள்ள சாம்பிராணி போட்டா கிருமி சாகாது, ஆஸ்துமாக்காரன்தான் இருமுவான். மூச்சுல வர்ற கிருமி மூடின இடத்துல காத்துலயே மிதக்கும். ரெண்டு பக்கமாவது திறந்து விடுங்க, ஒரு விசிறியை வெளிய பாத்துத் திருப்பி வைங்க. சாப்பாட்டைப் பொட்டலமாக் கொடுத்து அனுப்பினா சாமி கோவிச்சுக்காது.

குளோராக்ஸ்ங்கிற பிளீச் மருந்தை ஊத்துற லட்சணம் இன்னொரு கொடுமை. அரை போத்தலைக் கவுத்துட்டு, கண் எரிஞ்சாத்தான் சுத்தம்னு நினைப்பு. 5 விழுக்காடு மருந்துன்னா 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி, ஒரு கிளாஸ், அவ்வளவுதான். முதல்ல சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கணும், இல்லன்னா மருந்தோட வீரியம் அழுக்குலயே தீந்துடும். பத்து நிமிஷம் ஊறவிட்டு நல்ல தண்ணியில துடைங்க. நேத்து கலந்தது இன்னைக்கு வேலைக்காகாது. பித்தளை மணி, குத்துவிளக்குல படவே கூடாது, கறுத்துப் போயிடும். கக்கூஸ் கழுவுற ஆசிட்டோட கலந்துட்டா விஷவாயு கிளம்பும்.

சானிடைசரை எவன் கர்ப்பகிரகத்துக்குப் பக்கத்துல வச்சதுன்னு தெரியல. அதுல பாதிக்கு மேல ஆல்கஹால். ஈரக் கையோட கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டா கை பத்திக்கும், பகல் வெளிச்சத்துல அந்த நெருப்பு சட்டுன்னு கண்ணுக்கே தெரியாது. வாசல்லயே வைங்கய்யா. அதைவிட சோப்பும் தண்ணியும் போதும், 20 நொடி தேய்ச்சா சரி. பிராகாரத்தை 108 தடவை சுத்துறவங்களுக்கு அந்த 20 நொடிதான் கிடைக்கல.

கை கழுவுற குழாய்க்கு மேல பளிங்குல உபயம்னு பேரெல்லாம் பொன் எழுத்துல பொறிச்சிருக்கு. கீழ சோப்பு டப்பா காலி.