ஆடி அமாவாசையும் என் போன் காலண்டரும்

அப்பாவுக்கு வருஷா வருஷம் ஆடி அமாவாசையில் ஒகேனக்கல் போய்த் தர்ப்பணம். மறந்துவிடக் கூடாதே என்று 2024-ல் போன் காலண்டரில் ஆகஸ்ட் 4-ஐப் போட்டு, 'ஆண்டுதோறும்' என்று அமுக்கித் தொலைத்தேன். 2025-ல் அமாவாசை ஜூலை 24-க்கே வந்துவிட்டது. போன் வாயே திறக்கவில்லை. தர்மபுரி மளிகைக்கடையில் சும்மா கொடுத்த தினசரி காலண்டரைக் கிழித்துக்கொண்டே அம்மாதான் கேட்டாள்: "ஏண்டா, நாளைக்கு அமாவாசை. எத்தனை மணிக்குடா பென்னாகரம் பஸ்?"

ஆகஸ்ட் 4 விடியற்காலை ஐந்து மணிக்கு போன் அலறியது தனிக் கூத்து.

அழித்துவிடலாம் என்று போனால், இது மட்டுமா, இதுவும் இனி வருபவையுமா, எல்லாமுமா என்று மூன்று கேள்வி. தூக்கக் கலக்கத்தில் 'எல்லாம்' என்று தட்டிவிட்டேன். நடந்து முடிந்த 2024-ம் சேர்ந்தே போச்சு! முடிந்துபோனதையும் இனி வரப்போவதையும் ஒரே கயிற்றிலா கட்டி வைப்பார்கள்? அதில்தான் யார் யார் வந்தார்கள், ஐயருக்கு எவ்வளவு, பரிசலுக்கு எவ்வளவு, மீன் வறுவலுக்கு எவ்வளவு (தர்ப்பணத்தன்று இல்லை, மறுநாள்) எல்லாம் குறித்து வைத்திருந்தேன். சித்தப்பா பாதிப் பணம் இன்னும் தரவில்லை. இப்போது எதைக் காட்டி அவரிடம் கேட்பது?