அறுபது நிமிடத்தில் நான்கு நிமிடம் கடல்

இன்று காலை கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. “எமது வள்ளத்தில் நீங்கள் கழித்த இனிய ஒரு மணித்தியாலத்தை நினைவுகூர்ந்து, உங்கள் பொன்னான நேரத்தில் ஒரேயொரு நிமிடத்தை ஒதுக்கி, ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்” என்று கேட்டிருந்தார்கள். பொன்னான நேரமாம்! அந்தப் பொன்னை என் கண் முன்னால் உருக்கிக் கடலில் ஊற்றியவர்கள்தான் மிச்சமிருக்கும் ஒரு குன்றிமணியையும் கேட்கிறார்கள்.

மணிக்கணக்கில் காசு வாங்குபவர்களிடம் நீங்களும் அகப்பட்டிருப்பீர்கள் என்பதால் முன்கதையை நீட்டப்போவதில்லை. தைப்பொங்கலுக்குப் புளோரிடாவிலிருந்து வந்திருந்த அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான், மனைவி, மகன், மாமி என எட்டுப் பேர், விடியற்காலை நாலேகாலுக்கு வெள்ளவத்தையில் வான் ஏறி, கடலுக்கடியில் முருகைக்கல் பார்க்க ஹிக்கடுவைக்குப் போனோம். அத்தானின் கையில் ஒரு வலைப்பை இருந்தது. அவர்கள் ஊரின் வளைகுடாக் கரையில், கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக வள்ளமெடுத்துப்போய், ஆளுயரத் தண்ணீரில் சாதாழைக்குள் மூழ்கி ஸ்கலப் சிப்பி பொறுக்குவார்களாம். ஓட்டோடு ஆளுக்கு இரண்டு கலன், வள்ளத்துக்குப் பத்துக் கலன், அதற்குமேல் ஒரு சிப்பியும் எடுக்கக்கூடாது என்று சட்டமாம். தண்ணீருக்குள் ஆள் இருப்பதைக் காட்ட, வெள்ளைக் குறுக்குக்கோடு போட்ட சிவப்புக் கொடியும் கட்டவேண்டுமாம். 1979 இல் சரணாலயமாகவும் 2002 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட ஹிக்கடுவைக் கடலிலிருந்து ஒரு முருகைக்கல் துண்டைக்கூட எடுக்கமுடியாது என்று விளக்கி, அந்தப் பையை ஆசனத்துக்கடியில் வைக்கச்செய்வதற்குள் வான் கொட்டாவையைத் தாண்டிவிட்டது.

எட்டு மணிக்குப் பேசிய வள்ளம் எட்டு மணிக்கு வரவில்லை. கரையில் நின்றவரிடம் கேட்டபோது, “தவ வினாடி பஹய்” என்றார். சிங்களத்தில் வினாடி என்றால் நிமிடம் என்பது கொழும்பில் இருக்கும் நமக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னரே நாட்டை விட்டுப்போன அத்தானோ அதைத் தமிழ்க் காதால் கேட்டு, ஐந்தே ஐந்து செக்கன் என்று நம்பி, காற்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டி, ஒரு காலைத் தண்ணீரில் வைத்து, ஏறுவதற்கு ஆயத்தமாக நின்றார். நாற்பது நிமிடம் அப்படியே நின்றார்.

எட்டு நாற்பதுக்கு வள்ளம் வந்தது. வள்ளக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்குமுன் தன் கைபேசியைப் பார்த்து, நேரக்கணிப்பானை அழுத்தினார். நாங்கள் இன்னும் மணலில் நிற்கிறோம், ஆனால் ஒரு மணித்தியாலம் ஓடத் தொடங்கிவிட்டது. கணக்காளராக இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், நானும் என் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கெழுதத் தொடங்கினேன்.

உயிர்காப்பு அங்கிகளுக்குப் பதினொரு நிமிடம் போனது. எட்டு அங்கிகளில் மூன்றுக்குக் கொளுவியே இல்லை என்பதால், அவற்றைக் கட்டக் கயிறு தேடி ஒருவர் ஊருக்குள் போனார். பின்னர் நீர்க்கண்ணாடிகளுக்கு ஏழு நிமிடம். முன்னைய குழுவினர் வாயில் வைத்திருந்த சுவாசக் குழாய்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கியெடுத்து, அதே வாளியின் விளிம்பில் உதறி, எங்களிடம் நீட்டினார்கள். கண்ணாடியில் நீராவி படியாமலிருக்க அதன் உள்ளே எச்சில் தடவவேண்டும் என்று அத்தான் செய்துகாட்டியதைக் கண்ட மாமி, தான் கடலை மேலிருந்தே பார்ப்பதாக அறிவித்துவிட்டார். இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்ததில் ஆறு நிமிடம் கரைந்தது. ஏழாவது நிமிடத்தில்தான் தாங்கிக்குள் எட்டிப்பார்க்கும் எண்ணம் வள்ளக்காரருக்கு வந்தது. எண்ணெய் இல்லை. 2022 இல் பெற்றோலுக்காக வரிசையில் படுத்துறங்கிய எனக்குக்கூட, வாடகைக்கு வரும் வள்ளம் வெறும் தாங்கியோடு வரும் என்று தோன்றவில்லை. கலனைத் தூக்கிக்கொண்டு போய்வரப் பதின்மூன்று நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடமும், எங்கள் செலவில், நேரக்கணிப்பான் நிற்காமல் ஓடியது.

நான்கு நிமிடத்தில் முருகைக் கற்பாறைக்கு மேல் வந்துவிட்டோம். வள்ளத்தின் அடியில் பதித்திருந்த கண்ணாடி வழியாகப் பார்க்கச்சொன்னார். ஒன்பது நிமிடம் குனிந்து பார்த்தோம். கீறலும் பாசியும் போக மிச்சமிருந்த இடத்தில் என் முகம்தான் தெரிந்தது. “கோரல், கோரல்” என்று அவர் கைகாட்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கற்குவியல் கிடந்தது. 1998 இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறிச் செத்ததற்கு அந்த மனிதர் பொறுப்பல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மனதுக்குள் அதையும் அவர் கணக்கிலேயே எழுதிவைத்தேன்.

இறங்க மூன்று நிமிடம். பிறகு கடல். அத்தானின் மீசை வழியாகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது, என் கண்ணாடியின் வார் அறுந்தது, மகன் மட்டும் எதையோ கண்டு குழாய்க்குள்ளால் கத்தினான். அவன் என்ன கத்தினான் என்று கேட்பதற்குள் விசில் ஊதப்பட்டது. நான்கு நிமிடம். கரைக்குத் திரும்ப மூன்று. கூட்டிப்பாருங்கள், சரியாக அறுபது வரும். ஆனால் அவருடைய கைபேசி அறுபத்திரண்டு காட்டியது. அந்த மேலதிக இரண்டு நிமிடத்துக்கும் காசு கேட்டார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று மனைவி கேட்கிறாள், இன்றைக்கும் பதிலில்லை.

அதற்குத்தான் ஐந்து நட்சத்திரம். கேட்டிருந்த இணைப்பை அழுத்தி, ஒரு நட்சத்திரத்துக்குமேல் ஒரு விரலையும் வைப்பதில்லை என்ற உறுதியோடு எழுதத் தொடங்கிய அந்த நேரத்தில், அத்தானின் காணொளி வந்து சேர்ந்தது. தண்ணீர் புகாத உறைக்குள் கைபேசியைப் போட்டு அவர் எடுத்தது. மகன் கத்தியது ஆமையைக் கண்டுதானாம். வட்டமேசை அளவுப் பச்சை ஆமையொன்று, எந்த அவசரமும் இல்லாமல், கைகளை விரித்து, என் முதுகுக்குப் பின்னால் கடந்துபோகிறது. படத்தின் நடுவில், கழுத்தளவுத் தண்ணீரில், அறுந்த வாரோடு நான் நிற்கிறேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் ஏழாவது தடவையாக அதைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமி அதை நிறுத்தி, பெரிதாக்கி, நேரம் என்னவென்று வாசிக்கிறார்.